முட்டையிட்ட பெண் பச்சோந்தியின் பராமரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண் பச்சோந்தி மண்ணைத் தோண்டி, முட்டையிட்டு, குழியை மூடிவிட்டு மறுபடியும் கிளைக்கு ஏறியதும் வளர்ப்பவருக்கு நிம்மதி பிறக்கும். உண்மையில் அதன் உடல் மிகவும் நலிந்திருக்கும் நேரம் அதுவே. உடலில் நீர் வற்றியிருக்கும், கால்சியம் கரைந்திருக்கும், கால்களும் வயிற்றுத் தசைகளும் ஓய்ந்திருக்கும். முதல் சில நாட்கள் தாராளமாகக் கொடுக்க வேண்டும்; அதன் பிறகு அளந்து கொடுக்க வேண்டும். முதலாவதைப் பலரும் செய்கிறார்கள். இரண்டாவதைச் செய்பவர்கள் குறைவு, பெண் பச்சோந்திகள் பல அற்பாயுளில் இறப்பதற்கு அது ஒரு முக்கியமான காரணம். இங்குள்ள விடைகள், வீடுகளில் அதிகமாக வளர்க்கப்படும் இரண்டு இனங்களுக்கானவை: யெமனையும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியையும் தாயகமாகக் கொண்ட வெய்ல்டு பச்சோந்தி, மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த பேந்தர் பச்சோந்தி. ஜாக்சன் பச்சோந்தி குட்டி ஈனும் இனம் என்பதால் அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

எல்லா முட்டைகளையும் இட்டு முடித்துவிட்டது என்பதை எப்படி அறிவது?

முட்டையிட்டு முடித்த பச்சோந்தி தோண்டிய குழியைத் தானே மண் தள்ளி மூடும், மண்ணைக் கால்களால் அழுத்தும், பிறகு மேலே ஏறி நீர் தேடும். இந்த மூன்றும் ஒழுங்காக நடந்திருந்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது என்று கொள்ளலாம். வயிற்றின் பக்கவாட்டில் திராட்சைக் குலைபோலப் புடைத்திருந்த மேடுகள் மறைந்து, விலாப் பகுதி உள்ளே ஒட்டி, தோல் தளர்ந்து தொங்குவதுபோல் தெரியும். பார்ப்பதற்குப் பரிதாபமாக இருந்தாலும் இது இயல்பான தோற்றம்தான்.

மாறாக, சில முட்டைகளை மண்ணுக்குள் இட்டுவிட்டு மீதியைக் கிளையிலிருந்தோ கூண்டின் தரையிலோ ஒவ்வொன்றாகச் சிதறவிட்டால், குழியை மூடாமல் பாதியில் வெளியேறி மறுநாள் மீண்டும் தோண்டினால், அல்லது வயிறு ஒரு பக்கம் மட்டும் புடைத்தே இருந்தால், முட்டைகள் உள்ளே தங்கியிருக்க வாய்ப்பு உண்டு. விரலால் வயிற்றை அழுத்திப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. உள்ளே முட்டை இருந்தால் அது உடைந்து வயிற்றறைக்குள் அழற்சியை உண்டாக்கக்கூடும். எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்ப்பதே பாதுகாப்பான வழி.

முட்டையிட்ட அன்று முதலில் என்ன கொடுக்க வேண்டும்?

நீர். உணவு அதற்குப் பிறகுதான். பெண் பச்சோந்தி ஒரு முழு நாளோ அதற்கு மேலுமோ மண்ணுக்குள் உழைத்திருக்கும். அந்த நேரம் முழுவதும் அது குடித்திருக்காது, போதாததற்கு உடலில் இருந்த நீரின் ஒரு பகுதி முட்டைகளோடு வெளியேறியிருக்கும். கண்கள் சற்றுக் குழிந்திருப்பது அதனால்தான்.

பச்சோந்திகள் கிண்ணத்தில் தேங்கிய நீரைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இலைகளில் வழியும் துளிகளைத்தான் நக்கிக் குடிக்கும். ஆகவே கூண்டின் இலைகள்மீது மெல்லிய சாரலாகத் தெளித்துவிட்டு, அதே சமயம் மேலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழும்படி ஒரு சொட்டுக்கலத்தைக் குறைந்தது அரை மணி நேரம் ஓடவிடுங்கள். தொடக்கத்தில் அது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். கண்களை நீர் நனைத்த பிறகே குடிக்கத் தொடங்கும் பச்சோந்திகள் பல. குடிக்கத் தொடங்கியபின் தானாக நிறுத்தும்வரை நீரை நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு இதைக் காலையிலும் மாலையிலும் செய்யலாம். வாயைப் பிடித்துத் திறந்து ஊசிக்குழாயால் நீரை உள்ளே செலுத்துவது, பழக்கமில்லாத கையில், நீர் மூச்சுக்குழாய்க்குள் போகும் அபாயம் உடையது.

நீர் போதுமா என்பதைக் கழிவே சொல்லும். எச்சத்தோடு வரும் யூரேட் பகுதி, அதாவது கெட்டியான சிறுநீர்க் கழிவு, வெள்ளையாகவோ, நுனியில் மட்டும் இலேசான மஞ்சளோடோ இருந்தால் நல்லது. முழுவதும் ஆரஞ்சு நிறமாகவும் மணல்போல உலர்ந்தும் இருந்தால் உடல் இன்னும் வறண்டிருக்கிறது. முட்டையிட்ட முதல் கழிவில் ஆரஞ்சு நிறம் தென்படுவது வியப்பல்ல. அடுத்தடுத்த கழிவுகளிலும் அது நீடிப்பதே கவனிக்க வேண்டியது.

குளிப்பாட்டலாமா?

வேண்டாம். பச்சோந்தி தோல் வழியாக நீரை உறிஞ்சிக்கொள்வதில்லை. நீரில் உட்கார வைப்பது அதற்கு அச்சத்தை மட்டுமே தரும். உடலில் மண் ஒட்டியிருந்தால் தெளிக்கும் நீரிலேயே ஓரிரு நாட்களில் போய்விடும்.

எப்போது, என்ன உணவு கொடுக்க வேண்டும்?

நன்றாக நீர் குடித்து, சற்று வெயில்காய்ந்து உடல் சூடேறியபின் முதல் உணவைக் கொடுக்கலாம். முட்டையிட்ட அன்றே பசியோடு பாய்ந்து தின்னும் பச்சோந்திகளும் உண்டு, ஒரு நாள் கழித்துத் தொடங்குபவையும் உண்டு. அடுத்த சில நாட்களுக்கு, பொதுவாக ஒரு வாரம் வரை, தினமும் அது விரும்பும் அளவுக்குக் கொடுங்கள். மிகவும் மெலிந்திருந்தால் மட்டும் இதை இரண்டு வாரம் வரை நீட்டிக்கலாம்.

உணவின் தரமே முக்கியம். பட்டுப்புழுவும் கொம்புப்புழுவும் நீர்ச்சத்து மிகுந்தவை, மென்மையானவை. இந்த நாட்களுக்கு ஏற்றவை. சில்வண்டு, துபியா கரப்பான் ஆகியவற்றை அடிப்படை உணவாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவற்றைக் கூண்டில் விடுவதற்கு ஒரு நாள் முன்னதாகவே நல்ல கீரைகளும் காய்களும் ஊட்டி வளர்த்திருக்க வேண்டும். பட்டினி கிடந்த பூச்சியைத் தின்னும் பச்சோந்திக்கு அதிலிருந்து கிடைக்கும் ஊட்டம் மிகக் குறைவு. மெழுகுப்புழு கொழுப்பு நிறைந்தது. சோர்ந்த பச்சோந்தியைத் தின்னத் தூண்டுவதற்காக ஒன்றிரண்டு கொடுக்கலாம், எடை ஏற்றுவதற்காக அதையே தொடர்ந்து கொடுப்பது ஈரலைக் கெடுக்கும்.

வெய்ல்டு பச்சோந்தி இலைகளையும் தின்னும் பழக்கம் உடையது. ஆகவே கூண்டில் இருக்கும் செடிகள் நஞ்சற்றவையாக இருக்க வேண்டும் என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன்.

கால்சியம் எவ்வளவு கொடுக்க வேண்டும்? அது ஏன் இவ்வளவு முக்கியம்?

முட்டையோட்டுக்கான கால்சியம் தாயின் இரத்தத்திலிருந்து போகிறது. இரத்தத்தில் குறைந்தால் உடல் அதை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதே கால்சியம்தான் தசைகள் சுருங்கி விரிவதற்கும் தேவைப்படுகிறது. எனவே கால்சியம் குறைந்த பெண்ணுக்கு முட்டையை வெளியே தள்ளும் வலு குறையும், முட்டையிட்ட பின்போ கிளையைப் பற்றும் வலு குறையும். நாக்கை முழு நீளத்துக்கு எறிய முடியாமல் போவதும், விரல்களிலும் கால்களிலும் நடுக்கம் தெரிவதும் இந்தக் குறைபாட்டின் அடையாளங்கள். நடுக்கத்தைக் கண்டால் தூளைக் கூட்டிப் போட்டுக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய நிலை அது.

நடுக்கம் ஏதும் இல்லாத, நலமாக உள்ள பச்சோந்திக்கு, ஒவ்வொரு வேளைப் பூச்சியின்மீதும் பாஸ்பரசும் வைட்டமின் டி3-உம் கலக்காத கால்சியம் தூளை மெல்லிய படலமாகத் தூவினால் போதும். டி3 சேர்ந்த கால்சியத்தை மாதத்தில் இரண்டு முறையும், பல வைட்டமின்கள் கலந்த தூளை மாதத்தில் இரண்டு முறையும் கொடுப்பது பலரும் பின்பற்றும் அளவு. நீங்கள் வாங்கும் தூளின் செறிவுக்கேற்ப இது மாறும். முட்டையிட்டுவிட்டது என்பதற்காக டி3-ஐ இரட்டிப்பாக்க வேண்டாம். அது கொழுப்பில் கரையும் வைட்டமின், வேண்டாத அளவு உடலிலேயே தங்கிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். வைட்டமின் ஏ-க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தூள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், புற ஊதா பி (யூவிபி) கதிர் இல்லாமல் அது முழுப் பயன் தராது. தோலில் படும் அந்தக் கதிரால்தான் பச்சோந்தி தன் உடலிலேயே டி3-ஐ உருவாக்கிக் குடலிலிருந்து கால்சியத்தை உறிஞ்சுகிறது. நீளக்குழல் வடிவ யூவிபி விளக்கே சிறந்தது. வெயில்காயும் கிளையில் யூவி குறியீடு 3 அளவில் இருந்தால் நல்லது. சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அதன் கதிர் காலப்போக்கில் தேயும். ஆகவே முட்டையிட்ட சமயத்தில், விளக்கை வாங்கிய நாள் எது என்று பார்த்து, ஓராண்டு ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

முட்டையிட்டு இரண்டு நாட்கள் ஆகியும் ஒன்றும் தின்னவில்லை. பயப்பட வேண்டுமா?

நீர் குடிக்கிறது, கண்கள் பகலில் திறந்திருக்கின்றன, கிளையை இறுகப் பற்றுகிறது என்றால் இன்னும் ஒரு நாள் பொறுக்கலாம். அசையும் இரையை அருகில் விட்டு, ஆட்கள் நடமாட்டம் இல்லாமல் விட்டுவிடுங்கள். மூன்று நாட்களுக்கு மேலும் தின்னாவிட்டால், அல்லது அதற்கு முன்பே பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தால், மருத்துவரிடம் போங்கள். பகலில் கண் மூடியிருக்கும் பச்சோந்தி ஓய்வெடுக்கவில்லை, நோயுற்றிருக்கிறது. பச்சோந்திகள் நோயை வெளிக்காட்டாத இயல்புடையவை என்பதால், நம் கண்ணுக்குத் தெரியும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

எந்தெந்த அறிகுறிகளுக்கு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

கூண்டின் தரையிலேயே படுத்துக் கிடப்பது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, உடல் நடுக்கம், முட்டையிட்ட பின்பும் முக்கிக்கொண்டே இருப்பது, கழிவுத்துளையிலிருந்து இரத்தமோ துர்நாற்றமுள்ள நீரோ வருவது, நீர் கொடுத்தும் கண்கள் குழிந்தே இருப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது.

கழிவுத்துளையிலிருந்து சிவந்த சதை பிதுங்கி வெளியே நின்றால் அது முட்டைக்குழாயாகவோ குடலின் பகுதியாகவோ இருக்கலாம். அதை உள்ளே தள்ள முயல வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்க் கரைசலில் நனைத்த சுத்தமான மெல்லிய துணியால் மூடி, காய்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டு கொண்டுசெல்லுங்கள். காய்ந்த திசு அழுகத் தொடங்கினால் அதைக் காப்பாற்ற முடியாமல் போகும்.

ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் யார் என்பதை முட்டையிடும் காலத்துக்கு முன்பே விசாரித்து வைத்திருப்பது நல்லது. நாய்க்கும் பூனைக்கும் மட்டும் பார்த்துப் பழகியவர், விருப்பம் இருந்தாலும், இந்தச் சிறிய உடலுக்கான மருந்தளவைக் கணிக்கத் தடுமாறலாம்.

முட்டைகள் உள்ளே தங்கிவிட்டால் மருத்துவர் என்ன செய்வார்?

முதலில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து எத்தனை முட்டைகள், எந்த இடத்தில், எந்த வடிவில் இருக்கின்றன என்று பார்ப்பார். உடல் வறட்சியைச் சரிசெய்து, தேவைப்பட்டால் கால்சியத்தை ஊசியாகக் கொடுப்பார். பாதையில் அடைப்பு இல்லை என்று உறுதியானபின், முட்டைக்குழாயைச் சுருங்கவைத்து முட்டையை வெளித்தள்ளத் தூண்டும் ஆக்சிடோசின் கொடுக்கப்படலாம். ஆமைகளில் நன்றாக வேலை செய்யும் இந்த மருந்து பல்லியினங்களில் அதே அளவுக்குப் பலன் தருவதில்லை. அடைப்பு இருக்கும்போது கொடுத்தால் முட்டைக்குழாய் கிழியவும் கூடும். ஆகவே இதை எவர் பரிந்துரைத்தாலும் வீட்டில் வைத்துச் செலுத்தக் கூடாது. மருந்து பலிக்காதபோது அறுவைச் சிகிச்சையே வழி. பச்சோந்தி இன்னும் வலுவோடு இருக்கும்போதே அந்த முடிவை எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடுதல். நாள் தள்ளிப்போடுவதால் கிடைக்கும் நன்மை ஒன்றும் இல்லை.

உணவை எப்போது குறைக்க வேண்டும்? முட்டையிட்ட உயிரைப் பட்டினி போடுவது கொடுமையல்லவா?

இந்தப் பக்கத்தில் மிகவும் முக்கியமான கேள்வி இதுதான். இங்கே சொல்வது பட்டினி போடுவதை அல்ல, அளவாகக் கொடுப்பதை. வெய்ல்டு பச்சோந்தியின் உடல், உணவு ஏராளமாகக் கிடைப்பதையும் வெப்பம் மிகுந்திருப்பதையும், இனப்பெருக்கத்துக்கு ஏற்ற நல்ல பருவம் வந்துவிட்டது என்பதற்கான அறிகுறியாக எடுத்துக்கொள்கிறது. உடனே சூற்பையில் புதிய கருமுட்டைகள் வளரத் தொடங்குகின்றன. இயற்கையில் அந்தப் பருவம் சீக்கிரம் முடிந்துவிடும். கூண்டிலோ நாம் அன்பினால் ஆண்டு முழுவதும் அதை நீட்டித்துவிடுகிறோம். விளைவாக மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் அறுபது, எழுபது முட்டைகள் என்று இட்டு இட்டு, சில ஆண்டுகளிலேயே பச்சோந்தி தேய்ந்துபோகிறது. முட்டைகளின் எண்ணிக்கை கூடக்கூட அவை உள்ளே தங்கிவிடும் அபாயமும் கூடுகிறது.

ஆகவே தேறும் நாட்கள் முடிந்ததும், விலா எலும்புகளின்மீது சற்றே சதை பிடித்து, கண்கள் நிமிர்ந்து, பிடி இறுகியதும், உணவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வளர்ந்த பெண் வெய்ல்டு பச்சோந்திக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று நான்கு நடுத்தரப் பூச்சிகள் போதுமானவை. அது இன்னும் வேண்டும் என்பதுபோலக் கூண்டின் ஓரத்துக்கு வந்து உங்களையே பார்க்கும்; அதற்காக மனம் இளகிவிட வேண்டாம். கால்சியத்தையும் நீரையும் குறைக்கக் கூடாது, குறைய வேண்டியது தீனி மட்டுமே.

அதோடு வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். முட்டையிட்ட முதல் சில நாட்களில், செரிமானத்துக்காக, வெயில்காயும் இடம் 29 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். பிறகு பெண்ணுக்கு அந்த இடத்தை 27 டிகிரியை ஒட்டி வைத்துக்கொள்வது, அடுத்த ஈட்டில் (ஒரு தடவையில் இடும் முட்டைகள் அனைத்தும் சேர்ந்து ஒரு ஈடு) முட்டைகளின் எண்ணிக்கையைக் குறைக்க உதவுகிறது. இரவில் வெப்பம் இறங்க வேண்டும், விளக்கு எதுவும் எரியக் கூடாது. இவ்வாறு பராமரிக்கப்படும் பெண்கள் ஒரு ஈட்டில் இருபது, முப்பது முட்டைகளோடு நின்றுவிடுவதும், சில பெண்கள் நீண்ட காலம் முட்டையே இடாமல் நலமாக வாழ்வதும் உண்டு. பேந்தர் பச்சோந்திக்கும் இதே முறை பொருந்தும், அதன் ஈடு பொதுவாகவே சிறியது.

இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் இளம் பெண்ணுக்கு மட்டும் இந்தக் குறைப்பை இவ்வளவு கண்டிப்பாகச் செய்ய வேண்டாம். அதன் எலும்பு வளர உணவு வேண்டும். எடையைப் பார்த்து மெதுவாகக் குறையுங்கள்.

எடை பார்ப்பது அவசியமா?

ஆம். கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு போதும். முட்டையிடும் முன் இருந்த எடையைத் திரும்பப் பெறுவதை இலக்காக வைக்காதீர்கள், அந்த எடையில் பெரும் பங்கு முட்டைகளுடையது. முட்டையிட்ட மறுநாள் எடையைக் குறித்துக்கொண்டு, வாரம் ஒருமுறை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் இரு வாரங்களில் மெல்ல ஏறி, பிறகு நிலையாக நிற்க வேண்டும். உணவைக் குறைத்த பிறகும் எடை வேகமாக ஏறினால் அடுத்த ஈடு உருவாகிறது என்று ஊகிக்கலாம்.

கையில் எடுக்கலாமா? மற்றப் பச்சோந்திகளின் அருகில் வைக்கலாமா?

தராசில் வைப்பதற்கும் மருத்துவரிடம் கொண்டுபோவதற்கும் தவிர, இரண்டு வாரங்களுக்குக் கையில் எடுக்காமல் இருப்பது நல்லது. வேறு பச்சோந்தியைப் பார்ப்பதே அதற்கு மன அழுத்தம். கூண்டுகளுக்கு இடையே ஒரு தடுப்பு வையுங்கள்.

ஆணோடு சேர்க்கவே இல்லை, பிறகு எப்படி முட்டையிட்டது?

கோழி சேவல் இல்லாமல் முட்டையிடுவதைப்போலத்தான். வெய்ல்டு பச்சோந்தியில் இது மிகவும் சாதாரணம், பேந்தரிலும் நடப்பதுண்டு. அந்த முட்டைகள் பொரிக்காது. ஆனால் தாயின் உடல் செலவழிப்பது இரண்டிலும் ஒன்றுதான், எனவே பராமரிப்பில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண் விந்தணுக்களை உடலிலேயே சேமித்து வைத்து, மறுபடி சேராமலேயே அடுத்த ஈட்டிலும் கருவுள்ள முட்டைகளை இடக்கூடும். வயது வந்த பெண்ணை வாங்கியவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

முட்டைகளை என்ன செய்வது?

தாய் அவற்றைத் திரும்பிப் பார்க்காது, ஆகவே நீங்கள் எடுத்துவிடலாம். கருவில்லாதவை என்று உறுதியாகத் தெரிந்தால் அகற்றிவிடுங்கள். பொரிக்க வைப்பதானால், முட்டை இருந்த நிலையிலேயே, புரட்டாமல், மேல்பக்கத்தில் மென்மையான பென்சிலால் ஒரு புள்ளி வைத்து எடுத்து, தன் எடைக்குச் சமமான நீரில் பிசைந்த வெர்மிகுலைட்டில் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) பாதி புதைத்து வையுங்கள். வெய்ல்டு முட்டைகள் 26 முதல் 28 டிகிரியில் பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது மாதங்களில் பொரிக்கும், பேந்தர் முட்டைகளுக்கு ஓராண்டு வரைகூட ஆகலாம். அத்தனை குஞ்சுகளையும் தனித்தனியாக வளர்க்கவோ நல்ல கைகளில் ஒப்படைக்கவோ முடியுமா என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். முடியாதென்றால் பொரிக்க வைக்காமல் இருப்பதே நேர்மையானது.

மீண்டும் ஆணோடு எப்போது சேர்க்கலாம்?

அடுத்த ஈட்டுக்கு அவசரப்பட வேண்டாம். ஒரு பெண்ணின் வாழ்நாளில் ஒன்றிரண்டு முறைக்கு மேல் சேர்ப்பதை நான் ஆதரிக்கவில்லை. முட்டை தங்கி, மருத்துவம் பார்த்துப் பிழைத்த பெண்ணை மறுபடி சேர்க்கவே கூடாது. அப்படிப்பட்ட பெண்ணுக்குச் சூற்பையை அறுவை மூலம் அகற்றிவிடுவது பற்றி, அனுபவமுள்ள மருத்துவரிடம் பேசலாம்.

முட்டையிடும் பெட்டியை எடுத்துவிடலாமா?

முட்டைகளை எடுத்தபின் மண்ணை மாற்றிவிட்டு, பெட்டியைக் கூண்டிலேயே வைத்திருங்கள். குறைந்தது 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, தோண்டிய சுரங்கம் சரியாமல் நிற்கும் அளவுக்கு ஈரமான மணலும் மண்ணும் கலந்து நிரப்பியிருக்க வேண்டும். இடம் பிடிக்காத பெண் முட்டைகளை அடக்கி வைத்துக்கொள்ளும். முட்டைத் தேக்கத்துக்குப் பெட்டி இல்லாமையே காரணமாகிப்போன வீடுகள் ஏராளம். முட்டையிட்ட தேதியை நாட்காட்டியில் குறித்து, மூன்றாவது மாதம் தொடங்கும்போதே வயிற்றையும் நடமாட்டத்தையும் கவனிக்கத் தொடங்குங்கள். கூண்டின் தரைக்கு அடிக்கடி இறங்கி மண்ணைச் சுரண்டிப் பார்த்தால், அடுத்த ஈடு நெருங்கிவிட்டது. அப்போது பெட்டியின் பக்கத்தை ஒரு துணியால் மறைத்துவிட்டு, தோண்டும்போது அது உங்களைப் பார்க்காதபடி விலகி இருங்கள். பார்க்கப்படுவதாக உணர்ந்தால் அது தோண்டுவதைப் பாதியிலேயே கைவிட்டுவிடும்.